மின்னணு இசை பாப் உலகுக்குத் திரும்பி வருகிறதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் கருவி), டிரம் மெஷின் (தாளத்தைத் தானே வாசிக்கும் பெட்டி), நிற்காமல் இடிக்கும் நடனத் தாளம் ஆகியவை மறுபடி தலையெடுத்துவிட்டன என்ற பேச்சு ஆங்கிலப் பாப் இசை கேட்பவர்களிடையே சில ஆண்டுகளாக அடிபடுகிறது. அதையொட்டி எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. பாப் இசை என்று இங்கே குறிப்பிடப்படுவது பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்கத் தரவரிசைகளில் ஏறிய பாடல்களையே.

சுருக்கமாகச் சொல்லுங்கள். திரும்பி வந்துவிட்டதா, இல்லையா?

போனால்தானே திரும்பி வருவதற்கு? 1980களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை மின்னணுக் கருவிகள் இல்லாமல் பாப் இசை ஓர் ஆண்டுகூட நடந்ததில்லை. சில காலங்களில் பாடகர்கள் இயந்திரத்தைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். கிடாரும் பியானோவும் முன்னால் நிற்கும். வேறு சில காலங்களில் இயந்திரம் இயந்திரமாகவே மேடைக்கு வரும். 2019ஐ ஒட்டித் தொடங்கி 2022க்குப் பிறகு வலுத்தது இந்த இரண்டாவது வகை என்பது என் கணிப்பு.

இன்று எல்லாப் பாடலுமே கணினியில்தான் உருவாகிறது. அப்படியிருக்க எதை மின்னணு இசை என்று பிரிப்பது?

நியாயமான கேள்வி. கிராமிய மணம் வீசும் ஒரு கிடார்ப் பாட்டும் இன்று கணினியில்தான் பதிவாகிறது, அங்கேயே வெட்டி ஒட்டப்படுகிறது, பாடகரின் சுருதியும் அங்கேதான் நேராக்கப்படுகிறது. ஆகவே கருவியை வைத்துப் பிரிக்க முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. கேட்பவரின் காதை வைத்துத்தான் பிரிக்க முடியும். மனிதக் கையால் வாசிக்க முடியாத ஒழுங்கு, எந்த மரத்திலும் தோலிலும் கம்பியிலும் பிறக்காத ஒலி, பல்லவி சரணத்தைவிடத் தாளமே பாடலை நடத்திச் செல்லும் அமைப்பு ஆகியவற்றை ஒரு பாடல் மறைக்காமல் காட்டினால், அதை மின்னணுச் சாயல் கொண்ட பாடல் என்று சொல்லலாம்.

இந்தச் சாயல் பாப் இசைக்குள் எப்படி வந்தது?

ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழு 1974இல் வெளியிட்ட 'ஆட்டோபான்' மறுஆண்டு அமெரிக்கத் தரவரிசையில் முதல் 25 இடங்களுக்குள் வந்தது. ஆனால் பாப் இசையின் எலும்புக்கூட்டையே மாற்றியது 1977இல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' என்று சொல்வேன். ம்யூனிக் நகரில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலட்டும் உருவாக்கிய அந்தப் பாடல் பிரிட்டனில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பாடல் முழுவதும் அடியில் ஓடும் பேஸ் (தாழ்ந்த சுரங்களின்) வரியை வாசித்தது, ஒரு சுவர் அலமாரி அளவுக்குப் பெரிய மூக் சிந்தசைசர். அந்தக் கருவிக்குச் சூடு ஏறினால் சுருதி விலகிவிடும். அதனால் இருபது முப்பது விநாடிகள் பதிவு செய்வார்கள், நிறுத்துவார்கள், சுருதி சேர்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மின்சாரத் தாளமானியின் துடிப்பை நாடாவில் ஒரு தடத்தில் பதித்து, அதை வைத்து ராபி வெடல் என்ற பொறியாளர் துண்டுகளை ஒன்றோடொன்று பிசகாமல் சேர்க்க வழி செய்தார். வாசித்த ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கணம் தாமதித்து ஒலிக்கும் எதிரொலி சேர்க்கப்பட்டது. ஆகவே நம் காதில் விழும் வேகத்தில் பாதியைத்தான் கருவி வாசிக்கிறது, மீதிப் பாதி எதிரொலி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. முழுதும் இயந்திரம் என்று புகழப்படும் அந்தப் பாடலில் கிக் எனப்படும் பெரிய டிரம்மை மட்டும் கீத் ஃபோர்ஸி என்ற மனிதர் காலால் மிதித்து வாசித்தார், ஏனென்றால் தேவையான அழுத்தத்தோடு அந்த ஒலியை மூக் சிந்தசைசரிலிருந்து வரவழைக்க முடியவில்லை.

முன்பும் இப்படி 'முடிந்துவிட்டது' என்று சொல்லப்பட்டிருக்கிறதா?

ஒரு முறை அல்ல. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், இரண்டு ஆட்டங்களுக்கு இடையே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது, புல்தரை நாசமானது, இரண்டாவது ஆட்டத்தை உள்ளூர் அணி ஆடாமலே இழந்தது. டிஸ்கோவின் கறுப்பின, லத்தீன், தன்பால் ஈர்ப்பு ரசிகர்கள்மீது இருந்த வெறுப்பும் அந்தப் புகையில் கலந்திருந்தது என்பது பின்னாளில் பலரும் எடுத்துச்சொன்ன உண்மை.

அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் 'டிஸ்கோ' என்ற சொல்லையே தவிர்த்தன. ஆனால் அதே சிகாகோவில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டேதான் இருந்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து 'ஹவுஸ்' என்ற நடன இசைவகையின் பெயர் வந்தது என்பார்கள். தட்டுகள் வெடித்த அன்று மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற இளைஞர், ஐந்தே ஆண்டுகளில் ஹவுஸ் இசையின் தொடக்கப் பதிவுகளில் ஒன்றான 'ஆன் அண்ட் ஆன்' பாடலை இணைந்து எழுதினார். கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று அடித்துவிடுவோம்.

இங்கிலாந்தில் எதிர்ப்பு வேறு வடிவத்தில் வந்தது. 1982இல் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் சிந்தசைசர்களுக்கும் டிரம் மெஷின்களுக்கும் தடை கோரித் தீர்மானம் போட்டது. குவீன் ராக் குழு 1970களில் தன் இசைத்தட்டு உறைகளில் 'சிந்தசைசர் பயன்படுத்தவில்லை' என்று பெருமையாக அச்சிட்டது, 1980இல் அதே குழு சிந்தசைசரோடு இசைத்தட்டு வெளியிட்டது. தடை கோரியவர்களின் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். வயலின் குழுக்களில் பலருக்கு வேலை குறைந்தது மெய்தான்.

இசை ரசனையைக் கருவிகள் மாற்றினவா, அல்லது ரசனை மாறியதால் கருவிகள் வந்தனவா?

இரண்டும் உண்டு, ஆனால் தோற்றுப்போன கருவிகள் ரசனையை மாற்றிய கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்டுடியோவில் மாதிரித் தாளம் அமைக்க விரும்பும் பாடகர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். பன்னிரண்டாயிரம் அளவில் விற்று, 1983இல் தயாரிப்பு நின்றது. அதன் 'சிஸ்' என்ற உலோக ஒலிக்குக் காரணமான பழுதுபட்ட டிரான்சிஸ்டர்களை ரோலண்ட் வேண்டுமென்றே தேடி வாங்கிப் பயன்படுத்தியிருந்தது; தொழில்நுட்பம் தேறிப் பழுதானவை கிடைக்காமல் போனதும் அந்த ஒலியைத் தொடர வழியில்லை.

பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்த 808களை ஹிப்-ஹாப் இளைஞர்கள் வாங்கினார்கள். அதன் கிக் ஒலியை இழுத்து நீட்டினால் தரையே அதிரும் பேஸாக மாறும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அட்லாண்டாவில் வளர்ந்து 2010களின் பிற்பகுதியில் உலகையே பிடித்த ஹிப்-ஹாப் வகை முழுவதும் அந்த ஒலியின் மேல் நிற்கிறது. 'இப்போது மின்னணு இசை இல்லை, ராப்தான்' என்று 2017ஐ ஒட்டிச் சொன்னவர்கள் இதை யோசிக்கவில்லை.

ரோலண்டின் டிபி-303 கதையும் இதே சாடையில்தான் போகிறது. தனியாகப் பயிலும் கிடார்க் கலைஞருக்குப் பேஸ் துணை கொடுக்கவென்று செய்த அந்தச் சிறு பெட்டி விற்காமல் கிடந்தது. சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி 1987இல் வெளியிட்ட பதிவோடு பிறந்ததுதான் 'ஆசிட் ஹவுஸ்'. அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982இல், பம்பாய்த் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் இதே 303ஐயும் 808ஐயும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அன்று அதைக் கேட்டவர் சிலர்தான். 2010இல் மறுவெளியீடு வந்தபோது ஐரோப்பிய டிஜேக்கள் வாயைப் பிளந்தார்கள்.

2010களில் இ.டி.எம். (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், அதாவது மின்னணு நடன இசை) என்ற பெயரில் ஓர் அலை அடித்ததே, அது என்ன ஆனது?

டேவிட் கெட்டா தயாரிப்பில் பிளாக் ஐட் பீஸ் குழு பாடிய 'ஐ காட்டா ஃபீலிங்' 2009இல் அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கால்வின் ஹாரிஸும் ரிஹானாவும் சேர்ந்த 'வீ ஃபவுண்ட் லவ்' 2011இல் வெளிவந்து மொத்தம் பத்து வாரங்கள் அங்கே இருந்தது. அந்தக் காலத்துப் பாடல்களுக்கு ஒரே வாய்ப்பாடு: தாளம் ஏறிக்கொண்டே போகும், திடீரென்று எல்லாம் நிற்கும், பிறகு அரங்கே அதிரும்படி பேஸும் கிக்கும் ஒரேயடியாக வந்து இறங்கும். பத்தாவது பாடலில் கேட்பவருக்கு இறங்கும் விநாடி முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அலை ஓய்ந்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

அலைக்குள்ளேயே திசைமாற்றமும் தொடங்கியிருந்தது. ரோபோ முகமூடி அணிந்த டாஃப்ட் பங்க் இருவர் 2013இல் மனிதக் கலைஞர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து வாசிக்கச் செய்த 'ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்', மறுஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்றது. அதே 2013இல் ஸ்வீடன் டிஜே அவீச்சி நாட்டுப்புறக் கிடாரை நடனத் தாளத்தோடு சேர்த்தார்.

இப்போதைய எழுச்சி எங்கிருந்து தொடங்கியது?

2019 நவம்பரில் தி வீக்எண்ட் வெளியிட்ட 'பிளைண்டிங் லைட்ஸ்' ஒரு வசதியான எல்லைக்கல். 1980களின் சிந்தசைசர் மெட்டு ஒளிவுமறைவின்றி முன்னால் நிற்கும் அந்தப் பாடல் அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் 57 வாரங்கள் இருந்தது. அடுத்த 2020 மார்ச் மாதத்தில் டுவா லீபா நடன அரங்குக்கென்றே செய்த ஆல்பம் வந்தபோது, பெருந்தொற்றினால் உலகின் நடன அரங்குகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்கள் சமையலறையில் ஆடினார்கள்.

அரங்குகள் திறந்தபின் 2022இல் பியான்சே 'ரெனைசான்ஸ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சிகாகோ ஹவுஸ் இசையையும், தன்பால் ஈர்ப்பாளர்களின் நடனப் போட்டிகளான நியூயார்க் பால்ரூம் மரபையும் உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அது வெளிப்படையாகக் கடன் சொன்னது. அதிலிருந்து வந்த 'பிரேக் மை சோல்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்த ஆல்பத்துக்கு ஆறு வாரம் முன்புதான் ராப் பாடகர் டிரேக், தென்னாப்பிரிக்காவின் பிளாக் காஃபியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ராப் குறைந்த ஹவுஸ் ஆல்பம் ஒன்றை வெளியிட்டிருந்தார். 2023இல் தென்னாப்பிரிக்க அமாபியானோ தாளச் சாயலில் டைலா பாடிய 'வாட்டர்' அமெரிக்காவின் முதல் பத்துக்குள் வந்தது. பல்கலைக்கழக விடுதி அறையில் கராஜ்பேண்ட் மென்பொருளில் பாட்டு அமைக்கத் தொடங்கிய பிங்க்பாந்தரஸ், பிரிட்டிஷ் கிளப் தாளங்களைச் சின்னச் சின்னப் பாடல்களாக்கி அதே ஆண்டில் அமெரிக்காவின் மூன்றாம் இடம்வரை போனார். 2024 ஜூனில் சார்லி எக்ஸ்சிஎக்ஸ் வெளியிட்ட 'பிராட்', கண்ணைக் குத்தும் பச்சை உறையோடு கோடைக்காலம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. காலின்ஸ் அகராதி அந்தத் தலைப்பையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

இது பழையதைத் திருப்பிப் போடும் வேலைதானே? இதில் புதுமை என்ன?

பாதி உண்மை. 'பிரேக் மை சோல்' எதிரொலிக்கும் பாடல், ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்'. ஸ்வீடன்காரரான ஸ்டோன்பிரிட்ஜ் ரீமிக்ஸ் செய்தபின் 1993இல் வெற்றிபெற்ற அந்தப் பாடலின் புகழ்பெற்ற பேஸ், கோர்க் எம்1 கருவியில் கடையிலிருந்து வாங்கும்போதே இருந்த ஆர்கன் ஒலி. வடிவமைப்பாளர் ஒருவர் கருவிக்குள் போட்டு அனுப்பிய ஒரு தயார்நிலை ஒலி முப்பது ஆண்டுகளாக நடன இசையின் கையெழுத்தாக நிற்கிறது. கேட் புஷ் 1985இல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் புண்ணியத்தில் பிரிட்டனில் முதலிடம் ஏறியதையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் சாம்ப்ளரின் (பதிவு செய்த ஒலியைச் சுரங்களாக வாசிக்கும் கருவியின்) ஒலிதான் அதன் மைய மெட்டு, 37 ஆண்டுகள் கழித்துப் பதின்ம வயதினருக்கு அது புத்தம்புதிதாகக் கேட்டது.

ஆனாலும் நகல் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. கர்நாடக இசையில் அதே கல்யாணியைத்தானே நூறு பேர் பாடுகிறார்கள்? ஒலியைக் கடன் வாங்குவது குற்றமில்லை, வாங்கியதைக் கொண்டு என்ன செய்தார் என்பதே கேள்வி. 'பிராட்' ஆல்பத்தில் குரலும் தாளமும் வேண்டுமென்றே கரகரவென்று கிழிகின்றன. 1990களின் நடனப் பாடல்களில் அந்த முரட்டுத்தனம் இல்லை.

அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசையல்லவா தரவரிசையில் மேலே இருக்கிறது? உங்கள் வாதம் உதைக்கிறதே.

உதைக்கத்தான் செய்கிறது. 2024இல் ஷாபூசியின் கன்ட்ரிப் பாடல் ஒன்று அமெரிக்காவில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்து அதுவரையிலான சாதனையைச் சமன்செய்தது. 'ரெனைசான்ஸ்' தந்த அதே பியான்சே, அடுத்து கன்ட்ரி பக்கம் திரும்பிய ஆல்பத்துக்குத்தான் 2025 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்றார். 'பிராட்' பெற்ற மூன்று விருதுகளும் நடன இசை, உறை வடிவமைப்புப் பிரிவுகளில் வந்தவை. வானொலி ஒன்றே வாயிலாக இருந்த காலத்தில் ஓர் அலை அடித்தால் எல்லோரும் நனைந்தார்கள். இன்று ஒவ்வொருவர் செவியிலும் வேறு வேறு பட்டியல் ஓடுவதால், 1983ஐப் போல எல்லாத் திசையிலும் சிந்தசைசரே கேட்கும் நிலை மறுபடி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கதையில் தமிழர் யாராவது உண்டா?

மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். தோழி ஒருவரிடம் இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 பெட்டியில் தானே தாளம் அமைத்துத் தொடங்கினார். தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய 'அருளர்' 2005இலும், தாயின் பெயரைத் தாங்கிய 'கலா' 2007இலும் வந்தன. 'கலா'வின் சில பாடல்களுக்காகச் சென்னையில் உறுமியைப் பதிவு செய்து இயந்திரத் தாளத்தோடு கோத்தார். அந்த ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்காவின் நான்காம் இடத்தை எட்டியது. கோயில் கொடையில் உறுமி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, லண்டன் கிளப்பின் பேஸுக்கு மேல் அது உறுமும்போது முதுகுத்தண்டில் ஏதோ ஓடும். நான் அந்தக் கட்சி.

இயந்திரம் வாசித்தால் இசையில் உயிர் இருக்குமா?

இயந்திரத்தைக் குறை சொல்வதைவிட, அதை ஒளித்துவைப்பவரைக் குறை சொல்வது எனக்கு எளிது. ஆட்டோடியூன் 1997இல் வெளிவந்தது. நிலநடுக்க அலைகளைப் போன்ற ஒலியலைகளைக் கொண்டு எண்ணெய்ப் படிவங்களைத் தேடும் துறையில் இருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் உருவாக்கிய அந்த மென்பொருள், பாடகரின் சுருதிப் பிழையைக் கேட்பவருக்குத் தெரியாமல் திருத்துவதற்கென்றே செய்யப்பட்டது. 1998இல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாடலில் அதன் வேகத்தை உச்சத்தில் வைத்ததால், குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்காமல் படி ஏறுவது போலத் தாவியது. கமகத்தைக் கத்தரித்தால் எப்படி இருக்குமோ அப்படி. தயாரிப்பாளர்கள் முதலில் அது வேறொரு கருவியின் வேலை என்று சொல்லி ரகசியத்தை மறைக்கப் பார்த்தார்கள். இன்று திருத்தப்படாத குரல் என்று நாம் நம்பும் எத்தனையோ பாடல்களைவிட, தன் வேலையை மறைக்காத அந்தப் பாட்டு நேர்மையானது என்பேன்.

இசைப் பயிற்சி இல்லாத நான் இந்தச் சாயலை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் உங்கள் கால் தட்டும் தாளத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்கு 120 முதல் 128 வரையிலான சீரான வேகத்தில், ஒவ்வொரு எண்ணிக்கையிலும் தவறாமல் கிக் விழுந்தால் அது பெரும்பாலும் ஹவுஸ் வழி வந்தது. அடுத்து, கிக் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகள் ஒரு கணம் அமுங்கி மேலெழுகின்றனவா என்று பாருங்கள். பாடல் மூச்சு வாங்குவது போலத் தோன்றும் அந்த ஏற்ற இறக்கம், கிக்குக்கு இடம்விட மற்றவற்றைத் தானாகவே தணிக்கும் ஒரு கருவியின் வேலை.

பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'ஐ ஃபீல் லவ்' பாடலைப் போடுங்கள். குதித்தோடும் அந்தப் பேஸ் வரி நன்றாகப் பழகியதும் ஒரு காதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஓட்டம் சட்டென்று நடையாகிவிடும். வாசித்த சுரம் ஒரு பக்கமும் எதிரொலி மறுபக்கமும் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், நீங்கள் எடுத்துவிட்டது பேஸ் வரியின் சரிபாதியை.